எதிர்காலப் பயம்: வாலிபர் கூட்டத்தில் வசனம் கொடுத்தால் மட்டும் போதுமா?

பனையோலை:

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு நான்கு ஞாயிறு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், எதிர்காலத்தைப் பற்றிய பயம் குறித்து நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு 17 முதல் 25 வயது. ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், டி.என்.பி.எஸ்.சி.யை மூன்றாவது முறை எழுதுகிறவர்கள், ஒப்பந்த வேலை முடியப்போகிறவர்கள், கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போகிறவர்கள்.

ஏசாயா 41:10 ("நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்"), எரேமியா 29:11 (தேவன் நம்மைப் பற்றி நினைக்கும் நினைவுகள் தீமைக்கல்ல) இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். சொல்லி முடித்த பிறகும் பயம் அப்படியே இருக்கிறது. "அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லை போல" என்று இரண்டாவது பயம் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

வசனத்தைச் சரியாகக் கையாள்வது எப்படி, வீட்டில் தினமும் செய்ய என்ன கொடுக்கலாம், எந்த இடத்தில் நாம் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்? அனுபவ சாட்சி வேண்டாம், செய்முறை வேண்டும்.

எபிரெய_மாணவன்:

முதல் வாரத்தை அந்த இரண்டாவது பயத்துக்கே கொடுங்கள் சிஸ்டர். அது இறங்காமல் மற்றது எதுவும் உள்ளே போகாது.

பிலிப்பியர் 4:6-இல் "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய பவுலே 2 கொரிந்தியர் 11:28-இல் "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல், மெரிம்னா. பிலிப்பியர் 2:20-இல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவை மெச்சும்போதும் அதே வேர்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே "உண்மையாய் விசாரிக்கிறதற்கு" என்று போட்டிருக்கிறது. பிறரைப் பற்றிய அக்கறையும் நம்மை அரிக்கும் கவலையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே மனதில் கவலை எழுந்ததே பாவம் என்று அந்த வசனத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுந்த கவலையைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்பதற்குத்தான் பவுல் வழி சொல்கிறார்.

அடுத்து கெத்செமனே, பிடிபடும் முன் இயேசு ஜெபித்த இடம். மாற்கு 14:33 இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்கிறது. அங்கே அவர் செய்தவற்றைப் பலகையில் எழுதிப்போடுங்கள். மூன்று பேரைக் கூட அழைத்துப் போனார். தம் நிலையை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். வேண்டியதை நேராகக் கேட்டார்: "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்." பிறகு "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல". மத்தேயு 26:44-இன்படி மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொன்னார். ஒரே ஜெபத்தைத் திரும்பச் சொல்வது விசுவாசக் குறைவு என்று யாராவது வந்தால் இதைக் காட்டுங்கள்.

யோசுவா 1-ஐ 9-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவது நம் பழக்கம். 11-ஆம் வசனத்துக்குப் போங்கள். "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று கேட்டு முடித்த யோசுவா போடும் முதல் உத்தரவு, சாப்பாட்டைத் தயார் பண்ணுங்கள், மூன்று நாளைக்குள் யோர்தானைக் கடக்க வேண்டும் என்பது. திட்டம் போடுவது அவிசுவாசம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசனம் போதும். அதே வார்த்தையை 18-ஆம் வசனத்தில் ஜனங்கள் யோசுவாவுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள், "திடமனதாய்மாத்திரம் இரும்" என்று. தலைவனுக்கும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது!

எரேமியா 29:11-ஐ 4-ஆம் வசனத்திலிருந்து சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்று 5-ஆம் வசனம். எழுபது வருஷம் என்று 10-ஆம் வசனம். அதற்குப் பிறகுதான் 11. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக (வரும் வருஷத்துக்கென்று எடுக்கும் வசனச் சீட்டு) இதை எடுத்தவன், மார்ச்சில் வேலை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறான். கிடைக்காதபோது அட்டை பொய்யாகிறது, கூடவே தேவனும். முழுக் கடிதத்தையும் வாசித்தவனுக்கு வேறொன்று கையில் வரும்: காத்திருக்கிற ஊரிலேயே தோட்டம் போடலாம், நம்மைப் பற்றிய நினைவு தீமைக்கல்ல. இது குறைந்த ஆறுதலாகத் தெரியும், ஆனால் மார்ச்சிலும் உடையாது.

இன்னொன்று. "பயப்படாதே என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. எண்ணிப் பார்க்கிற பிள்ளை ஒன்று கூட்டத்தில் எப்போதும் இருக்கும், ஜாக்கிரதை.

வைகறை_ஜெபம்:

வீட்டுல செய்யறதுக்கு என் பங்கு. இரண்டே பயிற்சி. அதுக்கு மேல கொடுத்தா ஒண்ணும் நடக்காது.

முதல் பயிற்சி, பேப்பர். ஒரு ஏ4 தாள், பேனா, 20 நிமிஷம். சாயங்காலம் ஆறுல இருந்து எட்டுக்குள்ள, தினமும் ஒரே நேரம். படுக்கையில உட்கார்ந்து வேண்டவே வேண்டாம். படுக்கைன்னாலே கவலைப்படுற இடம்னு உடம்பு பழகிடும். போன் வேற அறையில இருக்கட்டும்.

கவலையை ஒரு முழு வாக்கியமா எழுதணும், அதுல தேதி, தொகை, பெயர் ஏதாவது ஒண்ணாவது இருக்கணும். "என் எதிர்காலம் என்னாகுமோ"ன்னு எழுதினா அதை வெச்சு ஜெபிக்கவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. "ஜூன் 30-ல ஒப்பந்தம் முடியுது, கையில இரண்டு மாசச் செலவுக்குத்தான் பணம் இருக்கு"ன்னு எழுதினா முடியும். பாதிப் பேருக்கு இங்கேயே பாரம் கொஞ்சம் இறங்கும். ஏன்னா உருவம் இல்லாத பயம்தான் பெருசாத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் இரண்டு வரி. முதல் வரி, நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை, அரை மணி நேரத்துல முடியற அளவு. மூணு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பறது, மாமாகிட்ட போன்ல கேக்கறது, அந்த மாதிரி. இரண்டாவது வரி, என் கையில இல்லாததை தேவன்கிட்ட கேக்கற விண்ணப்பம். அதை "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சு அவரைப் பார்த்துப் பேசற மாதிரி எழுதணும், அவரைப் பத்தி எழுதக்கூடாது. கடைசியா தாள் அடியில ஒரு ஸ்தோத்திரம், இன்னைக்கு நடந்த ஒரு குறிப்பான காரியத்துக்கு. பிலிப்பியர் 4:6-ல வேண்டுதல், விண்ணப்பம், ஸ்தோத்திரம் மூணும் இருக்கே, அதுல இருந்துதான் இது.

20 நிமிஷம் ஆனதும் தாளை மடிச்சு வேதாகமத்துக்குள்ள வெச்சிடணும். ராத்திரி பதினொண்ணுக்கு அதே கவலை வந்தா, "அது தாள்ல இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குப் பார்ப்போம்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுக்கணும். 1 பேதுரு 5:7-ல "அவர்மேல் வைத்துவிடுங்கள்"னு இருக்கறதை இப்படிக் கையால செஞ்சு பழகலாம். வாரம் ஒரு தடவை பழைய தாளைப் பார்த்து, நடந்தது, நடக்காதது, நாம பயந்த மாதிரி வராதது மூணையும் குறிச்சிக்கணும்.

இரண்டாவது பயிற்சி, மூச்சும் வசனமும். சங்கீதம் 56:3 இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." மூக்கு வழியா நாலு எண்ணிக்கை உள்ளே இழுக்கும்போது முதல் பாதி, ஆறு எண்ணிக்கை வெளியே விடும்போது இரண்டாம் பாதி. வெளிமூச்சு நீளமா இருந்தாத்தான் இதயத்துடிப்பு இறங்கும். ஐந்து நிமிஷம். பயம் வந்த பிறகு கத்துக்கலாம்னு விட்டா வராது. அமைதியா இருக்கற நேரத்துல இரண்டு வாரம் பழகியிருக்கணும். தலை சுத்தினா வேகமா இழுக்கறாங்கன்னு அர்த்தம், எண்ணிக்கையைக் குறைச்சுக்கலாம்.

பனையோலை:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயம் இரண்டு.

அண்ணா, ஒரு பையனிடம் எழுதச் சொன்னால் பன்னிரண்டு பக்கம் எழுதுவான், எழுதி முடித்ததும் முன்னைவிடப் பதறுவான். அவனை என்ன செய்வது? இன்னொன்று, எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபமும் உபவாசமும்தான் இதற்கு வழி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சிலர் போனில் தீர்க்கதரிசனம் கேட்கிறார்கள், ஒருவர் சொன்னது திருப்தியில்லை என்றால் அடுத்தவர். இதையெல்லாம் எதிர்த்துப் பேசவும் மனமில்லை, விடவும் மனமில்லை.

மஞ்சணத்தி:

ஆலோசனைத் துறை சார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பன்னிரண்டு பக்கப் பையனுக்குத் தாளை நிறுத்துங்கள். ஜெபமும் எழுத்தும் கவலையை இறக்கி வைக்கவும் உதவும், அதையே திரும்பத் திரும்ப அரைக்கவும் உதவும். அடையாளம் எளிது. முடித்து அரை மணி கழித்து உடம்பு தளர்ந்திருந்தால் இறங்கியிருக்கிறது. தாடை இறுகி, நெஞ்சு படபடத்து, "இன்னொரு தடவை ஜெபித்தால்தான் சரியாகும்" என்று தோன்றினால் அரைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு வரி ஜெபம், அதன்பின் உடனே கைவேலை. தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, அரை மணி நடப்பது, எது வேண்டுமானாலும்.

தீர்க்கதரிசனம் தேடி அலைவதும் இதே வட்டம்தான். தேவன் பேசுவாரா இல்லையா என்ற விவாதத்துக்குள் நீங்கள் போக வேண்டாம். ஒன்றை மட்டும் அவர்களையே கவனிக்கச் சொல்லுங்கள்: கேட்டபின் நிம்மதி எத்தனை மணி நேரம் நின்றது? பெரும்பாலும் அன்று மாலைக்குள் சந்தேகம் திரும்பும், அடுத்த எண்ணுக்குப் போன் போகும். உறுதி கேட்கக் கேட்க உறுதியில்லாமையைத் தாங்கும் பலம் குறைந்துகொண்டே வரும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அப்படியே. ஒரு விஷயத்துக்கு ஒரு ஆள், ஒரு முறை என்று வரம்பு வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

முழு இரவு ஜெபம், உபவாசம் இரண்டிலும் உடம்பைப் பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும்; அதை ஆவிக்குரிய போராட்டம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த இரவும் விழிப்பார்கள். இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்களுக்கு ஒரே இரவு விழிப்பே மிகை எழுச்சியை (மேனியா) கிளப்பிவிடக்கூடும். அந்த நோய்க்கு லித்தியம் என்ற மருந்து எடுப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் உபவாசித்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நச்சாகலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்கக் கூடாது. பட்டினியில் சர்க்கரை இறங்கும்போது வரும் கைநடுக்கமும் வியர்வையும் பயத்தின் அறிகுறி போலவே இருக்கும். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு முடியும் ஜெபம், சாப்பாட்டுக்குப் பதில் சமூக ஊடகத்தை விடும் உபவாசம் என்று வாலிபருக்குத் தனியாகக் கேளுங்கள், தருவார்கள்.

1 இராஜாக்கள் 19 உங்களுக்குத் துணை நிற்கும். "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுக்கிறான். தூதன் வந்து கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. தேவன் பேசின மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான்.

எங்கே நிறுத்தி அனுப்புவது என்று கேட்டீர்கள். ஏறக்குறைய ஆறு மாதமாக, இல்லாத நாளைவிட இருக்கிற நாள் அதிகமாக, நிறுத்த முடியாத கவலை. கூடவே தூக்கக்கேடு, தசை இறுக்கம், எரிச்சல், சீக்கிரம் சோர்வு, கவனம் நிற்காமை, நிலைகொள்ளாமை இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆறு மாதம் ஆகவில்லை, ஆனால் பரீட்சை எழுத முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றாலும் அனுப்புங்கள். திடீரென்று நெஞ்சு அடித்து, மூச்சு முட்டி, கை மரத்துப்போய், சுமார் பத்து நிமிடத்தில் உச்சத்துக்கு வந்து பிறகு இறங்கினால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். முதல் முறை என்றால் இதயத்தையும் தைராய்டையும் பரிசோதித்து விடுவது நல்லது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்புதான், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றே வீட்டார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, தனியே விடாமல், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மருந்து எடுத்தால் விசுவாசம் குறைவு என்பார்கள். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வார்த்தை யாருக்கு எழுதப்பட்டது? தீமோத்தேயுவுக்கு. அதே தீமோத்தேயுவுக்குத்தான் 1 தீமோத்தேயு 5:23-இல் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்ற குறிப்பும் போகிறது. பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகளில் பல வேலை செய்யச் சில வாரம் ஆகும். ஐந்தாவது நாள் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்துவதும், நன்றானதும் சாட்சி சொல்லிவிட்டு ஒரே நாளில் நிறுத்துவதும்தான் அடிக்கடி நடக்கும் தவறு. குறைப்பதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

இஞ்ஞாசி_வழி:

நான் கத்தோலிக்கன், ஆனாலும் சொல்கிறேன். வாலிபருடைய பயத்தில் பாதி முடிவெடுக்கும் பயம். இந்த கோர்ஸா அந்த கோர்ஸா, ஊரிலேயே இருப்பதா வெளிநாடா. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் எழுதி 1548-இல் அச்சான 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் இதற்கு நேரான விதி ஒன்று உண்டு: உள்ளம் வறண்டு கலங்கியிருக்கும் காலத்தில், அமைதியாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. நடு இரவில் ராஜினாமா கடிதம் எழுதுகிறவர்களுக்கு இதைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். கலக்கத்தில் முடிவை அல்ல, செபத்தையும் ஆன்மச் சோதனையையும் (தன்னைத் தானே ஆராய்ந்து பார்ப்பது) கூட்டிக்கொள் என்பது அதன் அடுத்த பாதி.

தெரிவு செய்ய அவர் தரும் வழிகளும் எளியவை. முன்பின் தெரியாத ஒருவன் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய்? சாகும் நேரத்தில் இருப்பதாக எண்ணிக்கொள், அப்போது எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய்? ஒவ்வொரு வழிக்கும் சாதகம், பாதகம் எழுதிப் பார், பிறகு எடுத்த முடிவைக் கடவுளிடம் காணிக்கையாக்கிக் காத்திரு. கூட்டத்தில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் செய்துவிடலாம். மரணக் கேள்வியை மட்டும், மஞ்சணத்தி சொன்ன வகையில் மனமுடைந்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

எபிரெய_மாணவன்:

நல்ல விதி. எங்கள் பக்கத்தில் கிதியோனின் தோலைப் போட்டு அடையாளம் கேட்கிற பழக்கம்தான் அதிகம். களத்தில் தோலை விரித்து, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்டவன் அவன். ஆனால் நியாயாதிபதிகள் 6:36-ஐப் பாருங்கள், "தேவரீர் சொன்னபடி" என்றுதான் கிதியோன் ஆரம்பிக்கிறான். என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். துணிவு போதாமல்தான் தோல் வந்தது. எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிக்கும் கருவியாக அதை எடுத்தால் பனி பெய்த காலையெல்லாம் குழப்பம்தான்.

வைகறை அண்ணன் தாளில் ஒரு திருத்தம். தினமும் ஸ்தோத்திரத்தோடு முடித்தே ஆக வேண்டும் என்று வைத்தால், நன்றி வராத நாளில் பொய் எழுதுவார்கள். சங்கீதம் 13-ஐப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்". அடுத்த இரண்டும் கெஞ்சல். ஐந்தாவதில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்". முறையிட இடம் கொடுத்த பிறகுதான் நம்பிக்கை வருகிறது. இரண்டாம் வாரம் இந்த அமைப்பிலேயே ஆளுக்கொரு சங்கீதம் எழுதச் சொல்லுங்கள், இரண்டு இரண்டு வரியாக. வாசிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

வைகறை_ஜெபம்:

ஒத்துக்கறேன் தம்பி. ஸ்தோத்திர வரி வராத நாள்ல "இன்னைக்கு எதுவும் தோணல ஆண்டவரே"ன்னு எழுதட்டும், அதுவும் அவர்கிட்ட பேசினதுதான். ஆனா வரியை எடுத்துடாதீங்க, காலியா விட்டாலும் இடம் இருக்கட்டும்.

பனையோலை:

வரிசை இப்படிப் போடுகிறேன்: முதல் வாரம் கெத்செமனேயும் பவுலின் கவலையும், இரண்டாவது சங்கீதம் 13, மூன்றாவது தாளும் மூச்சும், நான்காவது முடிவெடுத்தல். எரேமியா கடிதம் எங்கே?

எபிரெய_மாணவன்:

நான்காவதில், முடிவெடுத்தலுக்கு முன்னால். முழுக் கடிதத்தையும் ஒருவரே நின்று வாசிக்கட்டும், 4 முதல் 14 வரை, விளக்கம் சொல்லாமல்.

மஞ்சணத்தி:

வரிசையில் ஒரு மாற்றம். மூச்சுப் பயிற்சியை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள், கடைசி ஐந்து நிமிடம். பழக இரண்டு வாரம் வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறார்களே. 14416-ஐயும் முதல் வாரமே பலகையில் எழுதி நான்கு வாரமும் அழிக்காமல் விடுங்கள். எழுதின தாளை யாரிடமிருந்தும் வாங்கி வைக்காதீர்கள், அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். தொலைந்த ஒரு தாள் சபை வாசலில் கிடந்து யாராவது வாசித்துவிட்டால், அடுத்த ஞாயிறு ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.